வாங்கும்போது 3 இஞ்ச், வளர்ந்தா எத்தனை அடி?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

எங்க அல்சூர்ல நான் இருக்கிற தெருவுல மட்டும் இப்ப மூணு வீட்ல மான்ஸ்டர் டேங்க், அதாவது பெருசா வளர்ற வேட்டை மீனுங்கள வெக்கிற கண்ணாடித் தொட்டி, வந்துருச்சு. அரோவானா, ஆஸ்கர், ரெட் டெயில் கேட்பிஷ் எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டு பசங்க வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கிறாங்க. அதப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது, ஏன்னா 2023 தீபாவளி சமயத்துல நானும் இதையேதான் செஞ்சேன்.

என்னோடது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், முழுசா ரொப்புனா 255 லிட்டர் பிடிக்கும். கடைக்காரத் தம்பி, "அண்ணா, அரோவானா மேல ஓடும், ஆஸ்கர் நடுவுல, கேட்பிஷ் அடியில படுத்துக்கும், சண்டையே வராது"ன்னாரு. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா ரெட் டெயில் ராத்திரிதான் இரை தேடும், லைட்ட அணைச்சதும் தொட்டி முழுக்க அதோட ராஜ்ஜியம்னு அவரு சொல்லல, நானும் கேக்கல. 3 இஞ்ச்ல வாங்குன அந்தக் குட்டி அமேசான் ஆத்துல 4 அடிக்கு மேல வளர்ற மீன்னும் சொல்லல.

நாலே மாசத்துல அது ஒரு அடி ஆயிருச்சு. ஒரு நாள் காலையில லைட்டப் போட்டா ரெண்டு ஆஸ்கர்ல ஒண்ணக் காணோம், கேட்பிஷ் வயிறு பந்து மாதிரி உப்பி மூலையில கெடக்குது, வாய்க்கு வெளிய ஒரு வால் நீட்டிட்டிருக்கு, ஆஸ்கர் வால் அடியில ஒரு ஆரஞ்சு வட்டம் இருக்கும் பாருங்க, அந்த வட்டம் அப்படியே தெரியுது. என் பொண்ணு அதப் பாத்து அழுததுல அன்னிக்கு ஸ்கூலுக்கே போகல. கேட்பிஷ் மேல தப்பே இல்ல, வாய்க்குள்ள போறது எல்லாம் அதுக்கு சாப்பாடுதான்.

சண்டைய விட தண்ணி பிரச்சனை பெருசு. பெரிய மீனு திங்கறதும் ஜாஸ்தி, கழிவும் ஜாஸ்தி, அதுல வர்ற அமோனியா கண்ணுக்குத் தெரியாது, தண்ணி பளிங்கு மாதிரிதான் இருக்கும், ஆனா மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்கும். வாரத்துக்கு மூணுல ஒரு பங்கு மாத்தணும்னா 80 லிட்டருக்கு மேல. 2024 மார்ச்ல போர்வெல் வத்திப்போயி எங்க பில்டிங்கே டேங்கருக்காக காத்துக்கிட்டிருந்தப்ப, குடிக்கிற தண்ணியவே கணக்குப் போட்ட வீட்ல மீனுக்கு அத்தன தண்ணிக்கு எங்க போறது சொல்லுங்க. காவேரி தண்ணி வந்தாலும் அதுல குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் ஊத்தாம அப்படியே விடக்கூடாது.

அப்புறம் மே மாசம் ஒரு ராத்திரி நல்ல மழை, கரன்ட் போச்சு, ஃபில்டர் நின்னுருச்சு. ஃபில்டர் பைப்புக்காக மூடியில விட்டிருந்த சின்ன இடைவெளி வழியா அரோவானா குதிச்சிருக்கு. காட்டுல கிளையில இருக்கிற பூச்சிய எட்டிப் பிடிக்கிற மீனு அது, தாவுறது அதுக்கு இயல்பு. காலையில சோபா அடியில காஞ்சு கெடந்துச்சு, கையில எடுத்தப்ப பெரிய பெரிய செதில் என் விரல்ல ஒட்டிக்கிச்சு, இன்னிக்கும் அது மறக்கல.

அந்தக் கேட்பிஷ என்ன செய்யறதுன்னு கேட்டா, தெரிஞ்சவங்க நாலு பேரு "அல்சூர் ஏரியில விட்ருங்க, புண்ணியம்"னாங்க. தயவு செஞ்சு யாரும் அதச் செய்யாதீங்க. ஸ்ரீநகர் தால் ஏரியில 2023ல அலிகேட்டர் கார்னு ஒரு வேட்டை மீனு சிக்குச்சு, அது அமெரிக்காவுல இருக்கிறது. கேரளாவுல 2018 வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்துல வலை போட்டவங்களுக்கு அராபைமாங்கிற அமேசான் ராட்சத மீனு கெடச்சுது. நம்ம ஏரியில இருக்கிற கெண்டை, கெளுத்தி எல்லாம் இந்த மாதிரி வாய்க்கு எப்படித் தப்பிக்கும்? ரெண்டு மாசம் அலைஞ்சு, ஹோஸ்கோட்டே பக்கம் பெரிய சிமென்ட் தொட்டி வெச்சிருந்த ஒருத்தருகிட்ட, டிரம்ல பேட்டரி ஏர் பம்ப் போட்டு கொண்டுபோய் குடுத்துட்டு வந்தேன்.

மீன்வளத்துறைக்கு உங்க பத்திரிகை மூலமா ரெண்டு கோரிக்கை. கடையில விலை எழுதுற சீட்டுலயே அந்த மீனு முழுசா வளர்ந்தா எத்தனை அடி, கொறஞ்சது எத்தனை லிட்டர் தொட்டி வேணும்னு தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதணும். வளர்க்க முடியாதவங்க பெரிய மீன திருப்பிக் குடுக்க நகரத்துல ஒரு இடமாவது வேணும், அது இல்லாததாலதான் ராத்திரியில பக்கெட்ட தூக்கிட்டு ஏரிக்கரைக்குப் போறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு