சுடுமல்லி வந்திருச்சு மாப்ளே

மாப்ளே,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலைன்னு திட்டுவே. திட்டிக்கோ. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சின்னவன் பத்தாவது. நம்ம புளிமூட்டைக்கு மறுபடியும் கல்யாணத் தேதி குறிச்சிருக்காங்க, மேற்கொண்டு கேக்காதே.

விஷயம் இதுதான்: என் கட்டைக்கரும்புல (வெட்டின கட்டையில மறுபடி தழைச்சது) சுடுமல்லி, பயிர் வேரை உறிஞ்சுற அந்தக் களை.

ஆப்பிரிக்காவுல விக்டோரியா ஏரிக்கரையில உக்காந்து நீ சிரிக்கிறது இங்கே கேக்குது. ஒட்டுண்ணிக் களைக் கேள்வியை சாய்ஸ்ல விட்டவன் நான்தானே!

ஜூன்லயே மேற்கு மூலையில நாலு பார் சோர்ந்து நின்னுச்சு. தண்ணி பத்தலைன்னு மடையை அந்தப் பக்கமே திருப்பிவிட்டேன். காலு புதையுற ஈரம், கரும்பு மட்டும் வாடுது. போன வாரம் சோகை உரிக்க வந்த அக்கா, "தம்பி, இந்த வெள்ளைப்பூ அழகா இருக்கே"ன்னு ஒரு கொத்தை நீட்டுச்சு. ஒரு சாண் செடி, சொரசொரன்னு இலை. இன்னொண்ணை மண்ணோட தோண்டி வாளித் தண்ணியில அலசினேன். அதோட வேர் கரும்பு வேரைக் குமிழ் மாதிரி கவ்விப் பிடிச்சிருக்கு. நான் பாய்ச்சின தண்ணியைக் குடிச்சவன் அவன்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. ஒரு செடிக்குப் பல்லாயிரம் விதை, மூக்குப்பொடி மாதிரி. இருபது வருஷம்கூட மண்ணுல கிடக்குமாமே! போன கோடையில வெளியூர்ல இருந்து வாங்கின சோளத்தட்டை மாடு தின்னு, சாணம் குப்பையாகி, குப்பையை நானே வண்டி கட்டி இறைச்சேன். அப்படித்தான் வந்திருக்கும்னு தோணுது.

அது முளைக்கிற விதம்தான் எனக்கு ஆறவே இல்லை. பூஞ்சைத் தோழர்களைக் கூப்பிட பயிர் வேர் ஒரு ரசாயனப் பொருளைக் கசியவிடுது. அதை ஒட்டுக்கேட்டுத்தான் இந்தத் திருடன் எந்திரிக்கிறான். அந்தப் பொருளை 1966-ல முதல்ல பிரிச்செடுத்தது பருத்தி வேர்ல இருந்து. பருத்தியோ அவனை எழுப்பிவிடும், சோறு மட்டும் போடாது. முளைச்சவன் பட்டினியில சாவான். உங்க ஊர்ல மக்காச்சோளத்துக்கு இடையில போடுற டெஸ்மோடியம்ங்கிற தீவனச் செடியும் இவனை எழுப்பிவிட்டு, பயிர் வேர்ல ஒட்டவிடாமத்தானே பண்ணுது? கென்யாக்காரங்களும் இங்கிலாந்துக்காரங்களும் சேர்ந்து உக்காந்து கண்டுபிடிச்ச வித்தை.

இங்கே 2,4-டி களைக்கொல்லி அடிக்கச் சொல்றாங்க. பக்கத்துக் காட்டுல சித்தப்பாவோட வெண்டை. காத்துல நாலு துளி போனாப் போதும், இலை முறுக்கிக்கும், அப்புறம் பொங்கலுக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அதனால பூ விடுறதுக்கு முன்னாடியே கையால பிடுங்கி எரிக்கிறோம். கூலி கேக்காதே, அழுதுருவேன்.

ஒண்ணு மட்டும் மனசை அறுக்குது. என்-13னு ஒரு சோளம், நம்ம நாட்டு ரகம். வேர்ச் செல் சுவரைத் தடிமனாக்கி சுடுமல்லியை உள்ளேயே விடாது. அதோட குணத்தை சூடான் ரகங்களுக்குள்ள ஏத்தியிருக்காங்க. எத்தியோப்பியாவுல பிறந்த கெபிசா எஜெட்டாவுக்கு 2009-ல உலக உணவுப் பரிசு கிடைச்சதும் வறட்சியையும் இந்தக் களையையும் தாங்குற சோளத்துக்காகத்தான். ஏதோ ஒரு மானாவாரி விவசாயி பொறுக்கி வெச்ச விதை கடல் தாண்டிப் போய் யார் வயித்தையோ நிரப்புது. அவர் பேரு எந்த ஏட்டுலயும் இல்லை. நானோ இங்கே வேளாண்மை படிச்சுட்டு, களையைக் கூலிக்கார அக்கா காட்டித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி, நீ எனக்குச் சொல்ல வேண்டியது இது. கட்டையை உடைச்சுட்டு ரெண்டு போகம் பருத்தி போட்டா மண்ணுல இருக்கிற விதை எவ்வளவு குறையும்? நிலக்கடலை போதுமா? புத்தகத்துல இருக்கிறதை எழுதாதே, அங்கே காட்டுல நீ கண்ணால பார்த்ததை எழுது. டெஸ்மோடியம் விதையைச் சட்டைக்குள்ள மடிச்சு அனுப்புற வேலையெல்லாம் வேண்டாம், ஏர்போர்ட்ல மாட்டுவே. புளிமூட்டை கல்யாணத்துக்கு (நடந்தா) வரும்போது செருப்பைக் கழுவிட்டு வா. உங்க ஊர்ல ரோஸ் பூ பூக்கிற சுடுமல்லியும் இங்கே வந்து சேர வேண்டாம்.

மும்முனை கரண்ட் வந்திருச்சு. மோட்டார் போடப் போறேன்.

உன்,
சாய்ஸ்ல விட்டவன்