மழைக்கால மலையில் தரைவிரிப்புக்குத் தீந்தை பூசுவது பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில், வேலைப்பாடு எதுவுமில்லாத தரைவிரிப்பை வீட்டிலேயே தீந்தையால், அதாவது பெயின்டால், அலங்கரிக்கும் முறை பற்றி அரைப்பக்கக் கட்டுரையொன்று வெளிவந்திருந்தது. என் மருமகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, கொழும்பில் வேலை செய்யும் தன் தம்பி வாங்கி வந்திருந்த நான்கடிக்கு ஆறடிப் பருத்தி விரிப்பில் அதைச் செய்து பார்த்தாள். கட்டுரையில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவைதான். ஆனால் மாலையில் பூசிவிட்டு மறுநாள் காலையில் விரித்துவிடலாம் என்று அதில் இருந்த ஒரேயொரு வரி, டிக்கோயாவில் எங்கள் வீட்டை ஏறத்தாழ மூன்று வாரங்கள் படாத பாடு படுத்திவிட்டது. அந்த வரி கொழும்பின் வெக்கையில் இருந்துகொண்டு எழுதப்பட்டது என்பதே என் எண்ணம். மலையகத்து வாசகர்களும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையொன்றின் பொதிசெய்யும் பகுதியில் 27 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பலகைப் பெட்டி இருந்த காலத்தில் பெட்டியிலும், பிற்பாடு கடதாசிச் சாக்கு வந்த பிறகு சாக்கிலுமாக, தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், இலக்கம், நிறை ஆகியவற்றை ஸ்டென்சில் தகடு வைத்துக் கறுப்பு மையால் பதிப்பது என் வேலையில் ஒரு பங்கு. ஆகவே விரிப்பில் கோலம் பதிப்பது எனக்குப் புதிய காரியமாகத் தோன்றவில்லை. அந்த மிதப்பில்தான் சில பிழைகளுக்கு நானும் உடந்தையானேன்.

முதல் பிழை கடையிலேயே நேர்ந்தது. துணிக்குப் பூசும் தீந்தை வேண்டும் என்று கேட்ட மருமகளிடம், எத்தனை முறை கழுவினாலும் போகாது என்று சொல்லி, நகரத்துக் கடையொன்றில் கதவு ஜன்னலுக்குப் பூசும் எனாமல் தகரத்தைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். நல்ல வேளையாக அதை முதலில் ஒரு பழைய கால்மிதியில் பூசிப் பார்த்தோம். மூன்றாம் நாள் அது பொரித்த அப்பளம் போல் விறைத்து, மடித்த இடத்தில் பொருக்குப் பொருக்காக வெடித்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கித்தான் துணிக்கு எண்ணெய்த் தீந்தையைப் பல தடவை பூசித் தரையில் விரித்தார்கள் என்பதும், 1860களில் லினோலியம் வந்த பிறகே அந்த வழக்கம் ஒழிந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கித்தான் ஒரே இடத்தில் மடியாமல் கிடந்தது. நமது விரிப்போ வெள்ளிக்கிழமை தோறும் சுருட்டி உதறப்படுவது. இதைவிட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், பக்கத்திலேயே விறகடுப்பு எரிய, எனாமலையும் தின்னரையும் திறந்து வைப்பது உயிருக்கே ஆபத்தானது. நாற்றத்தினால் வரும் தலைவலி அதற்குப் பிறகுதான். நீர் கலந்து பூசும் தீந்தையைத் தவிர வேறெதையும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். துணிக்கென்றே விற்கும் அக்ரிலிக் தீந்தை இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சுவருக்குப் பூசும் எமல்ஷனே போதும். வெளிச்சுவருக்கானது மிதிபாட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இரண்டாவது பிழை காலத்தைப் பற்றியது. தீந்தையை மாற்றிக்கொண்டு நாங்கள் பூசத் தொடங்கியது ஜூன் மாத நடுப்பகுதியில். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மலைச்சரிவுகளில் முட்டி நிற்கும் காலம் அது. மாலையில் பூசிய வெள்ளை, மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டியது. அடுத்த நாளும் அப்படியே இருந்தது. அடுப்பங்கரையின் சூட்டில் காயட்டும் என்று மருமகள் அதைக் கொண்டுபோய் அங்கே கொடியில் போட, ஈரத் தீந்தையில் அடுப்புக் கரி படிந்து, வெள்ளைக் கோடெல்லாம் சாயத்தண்ணி நிறமாயிற்று. கீழே ஊறும் தீந்தை சிமெந்துத் தரையில் படாதிருக்கத் தங்கள் பத்திரிகையைத்தான் விரித்திருந்தோம். அதில் ஒரு துண்டு விரிப்பின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டது. தேர்தல் செய்தியொன்றின் பாதி இன்றைக்கும் அங்கே வாசிக்கக் கிடைக்கிறது.

இது ஏன் நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எமல்ஷன் என்பது மிக நுண்ணிய பிளாஸ்டிக் துணிக்கைகள் நீரில் மிதக்கும் கலவை. நீர் ஆவியாகப் போகப்போக அந்தத் துணிக்கைகள் ஒன்றையொன்று நெருங்கி, அமுங்கி, உருகி ஒட்டியதுபோல் ஒரே படலமாகின்றன. நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தப் படலந்தான். இதற்கு இரண்டு காரியங்கள் கூடிவர வேண்டும். நீர் வெளியேறக் காற்றில் இடம் இருக்க வேண்டும். துணிக்கைகள் இளகி ஒட்டிக்கொள்ளப் போதிய சூடும் இருக்க வேண்டும். பெரும்பாலான நீர்த் தீந்தைகளுக்கு 10 பாகை செல்சியஸுக்குக் கீழே பூசக்கூடாது என்பது விதி. குளிரில் காய்ந்த தீந்தை பார்வைக்குக் காய்ந்ததாகத்தான் தெரியும். ஆனால் படலமாகாமல் மாவாகவே நிற்பதால், நாலு பேர் மிதித்ததும் உதிர்ந்து கால்களோடு போய்விடும். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதும், சில விடியல்களில் புல்லில் உறைபனி பூப்பதும் வழக்கம். ஆகவே மழையில்லாத மாதமாயிற்றே என்று அங்கே இருப்பவர்கள் மாலையில் பூசி இரவில் வெளியே விட்டுவிடக்கூடாது. எங்கள் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள வெயில் நாட்களில், காலை ஒன்பது மணிக்குப் பூசி, பிற்பகல் மூடுபனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுவதே முறை. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் ஒரு முழு நாள் விடலாம். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் யாரும் மிதியாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சூட்டைவிடக் காற்றோட்டமே பெரிது என்பதைத் தொழிற்சாலையில் வேலை செய்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். மேல்மாடியில் கொழுந்தை வாட்டும்போது கம்பிவலைத் தட்டில் பரப்பி அடியிலிருந்து காற்றை ஊதித்தான் அதன் ஈரத்தை எடுக்கிறோம். வெறும் தரையில் குவித்து வைத்தால் அது அவியும், வாடாது. ஈரக்குமிழும் உலர்குமிழும் கொண்ட வெப்பமானியைப் பார்த்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் குறைந்திருந்தால் காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிற்கிறது என்று அறிந்துகொள்வோம். விரிப்புக்கும் இதே கணக்குத்தான். இரண்டு வாங்குகளுக்குக் குறுக்கே நாலைந்து மூங்கில்களைப் போட்டு, அதன்மேல் விரிப்பைக் கிடத்தி, கீழும் மேலும் காற்று போகும்படி வீட்டு முன் இஸ்தோப்பில் (வராந்தாவில்) வைத்த பிறகே எங்களுடையது காய்ந்தது. தீந்தை பூசும்போது மட்டும் அடியில் பொலித்தீனை விரித்துக்கொண்டு, பூசி முடிந்ததும் அதை உருவிவிட வேண்டும். சிவப்புப் பொலிஷ் பூசிய தரையில் ஈர விரிப்பை நேரடியாகப் போட்டால் அந்தச் சிவப்பு அடிப்புறத்தில் ஏறிவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஸ்டென்சிலைப் பற்றி அந்தக் கட்டுரையில் இரண்டு வரிகளே இருந்தன. என்னைக் கேட்டால் வேலையே அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் தகடாகப் பயன்பட்டது என் முழங்காலின் எக்ஸ்றே படம். உடுப்பு வெளுக்கும் திரவத்தைக் கையுறை போட்டுக்கொண்டு அதில் தடவினால், கறுப்பெல்லாம் கரைந்து, கண்ணாடி போன்ற தாள் மிஞ்சும். அடியிலுள்ள புள்ளிகள் அதனூடே தெரியும். நீரில் ஊறாது, கத்தியால் சுத்தமாக வெட்டலாம். என் பேத்தி அதில் ஒரு சுழிக்கோலத்தை வரைந்து, கோட்டை முழுக்க வெட்டி எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் நடுத்துண்டும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. அவளை உட்கார்த்தி, நான் ஞாபகமாக வைத்திருக்கும் பழைய தகடொன்றைக் காட்டினேன். அதில் தேயிலைத் தரமொன்றைக் குறிக்கும் பீ.ஓ.பீ. (BOP) என்ற ஆங்கில எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். "தாத்தா, ஓவுக்கு மேலேயும் கீழேயும் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். ஓவின் நடுவட்டம் விழுந்துவிடாமல் பிடித்திருப்பது அந்த இரண்டு மெல்லிய பாலங்கள்தான் என்று காட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மூடிய சுழி எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இரண்டு பாலங்களை விட வேண்டும். பதித்த பிறகு அந்த இடைவெளிகளைச் சின்னத் தூரிகையால் இணைத்துக்கொள்ளலாம். அப்படியே விட்டாலும் அழகாகத்தான் இருக்கும்.

தூரிகை குட்டையாகவும் தலை தட்டையாகவும் இருக்க வேண்டும். அதைத் தீந்தையில் நனைத்து, ஒரு பழைய துணியில் பெரும்பங்கை ஒற்றி எடுத்துவிட்டு, ஏறத்தாழ உலர்ந்த நிலையில், செங்குத்தாகப் பிடித்துக் குத்திக் குத்திப் பதிக்க வேண்டும். சுவரில் இழுப்பதுபோல் இழுத்தால் தீந்தை தகட்டின் விளிம்புக்கு அடியில் புகுந்து நூல்வழியே பரவும். சாக்கில் எழுத்துப் பதித்த காலத்தில் என் கங்காணியிடம் நான் வாங்கிய முதல் ஏச்சு இதற்காகத்தான். ஒரே தடவையில் அடர்த்தியாகப் பதிப்பதைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பதிப்பது நலம். விரிப்பும் விறைக்காது, ஈரமும் விரைவில் போகும். நேர்கோட்டுக் கரைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால், தீந்தை முழுக்கக் காய்வதற்கு முன்பே அதை உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் கோட்டின் விளிம்பையும் பிய்த்துக்கொண்டு வரும்.

அளவெடுப்பதில் நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. வாசலில் புள்ளிக்கோலம் போடுகிற கைகளுக்கு அது தெரியும். எங்கள் விரிப்பு 48 அங்குலத்துக்கு 72 அங்குலம். சுற்றிலும் ஆறங்குலம் கரைக்கு விட்டால் உள்ளே 36க்கு 60 மிஞ்சும். ஆறங்குலத்துக்கு ஒரு புள்ளியாக வைத்தால் அகலத்தில் 7, நீளத்தில் 11. இரண்டுமே ஒற்றைப்படை என்பதால் நடுப்புள்ளி தானாகவே விரிப்பின் மையத்தில் வந்து உட்காரும். கண்டியை அடுத்த தும்பறைப் பாய்களில் உள்ள கட்டங்களும் சரிவுகளும் பாவிலும் ஊடையிலும் நெய்தே உண்டாக்கப்படுபவை. அந்தக் கைவினை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நெய்பவருக்கு நூலே அளவுகோல். பூசுகிறவருக்கு அப்படியொரு காவல் இல்லாததால் புள்ளிகளே துணை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நெசவு விரிப்பு எதுவும் நான்கு மூலையும் சரியாக இருக்காது. எங்களுடையது ஒரு தலைப்பில் 48, மறு தலைப்பில் 47க்குச் சற்று மேல். ஓரத்திலிருந்து அளக்கத் தொடங்கினால் கடைசி வரிசை கோணிப்போகும். மூலைக்கு மூலை நூல் பிடித்து மையத்தைக் கண்டு, அங்கிருந்து வெளியே போக வேண்டும். குறிப்பதற்குச் சுண்ணக்கட்டியே போதும். மேசன்மார் நூலில் தடவும் காவிப் பொடி துணியை விட்டுப் போகவே போகாது.

எல்லா விரிப்பும் இதற்கு ஏற்றதல்ல. நகரத்துக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல பிளாஸ்டிக் நூலால் ஆனவை. தீந்தை அவற்றில் பிடிக்காது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி, கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகி மணியாகத் திரளும். தும்பு விரிப்பில் பெரிய வடிவங்கள் மட்டுமே எடுபடும். கம்பளியில் மயிர் கட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். பருத்தியாக இருந்தால், தீந்தை நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்திவிடுவது நல்லது. இந்தச் சூடு, மலையின் குளிர் செய்யத் தவறியதை ஓரளவு ஈடுசெய்கிறது. அதன்பின் விரிப்பை ஊறவைத்துத் துவைக்காமல், உதறியும் ஈரத்துணியால் துடைத்தும் வந்தால் போதும். பொலிஷ் தரையில் அது வழுக்காதிருக்க அடியில் இறப்பர் வலைத்துண்டு ஒன்றை வைக்கும்படி, முழங்கால் நோவுள்ளவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் மகளிர் பக்கத்தில் இனி இத்தகைய செய்முறைகளை வெளியிடும்போது, காயும் நேரத்தை ஒரே எண்ணாகக் கொடுக்காமல், மழைக்காலத்துக்கும் குளிர்ப் பிரதேசத்துக்கும் உரிய வேறுபாட்டை ஒரு வரியிலேனும் சேர்க்கும்படி வேண்டுகிறேன். நான் எழுதியிருப்பதும் மலையின் மேற்குப் பக்கத்துக்கே முழுதாகப் பொருந்தும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் எங்களுக்கு மழை கொட்டும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வரண்ட காற்று வீசுகிறது. அவர்களுக்கு மழை வருவது ஆண்டின் இறுதியில். அங்கே யாரேனும் அந்தக் காற்றில் விரிப்புக்குத் தீந்தை பூசிப் பார்த்திருந்தால், எத்தனை மணித்தியாலத்தில் காய்ந்தது என்பதைத் தங்கள் பத்திரிகைக்கு எழுதினால் நானும் அறிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர்,
டிக்கோயா.