லென்ஸை விலைக்குக் கொடுங்கள்: ப்ளூ-ரே பிளேயர் விற்ற நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான்கு மின்னஞ்சல், இரண்டு பதிவுத் தபால், திருச்சி சர்வீஸ் சென்டருக்கு மூன்று நடை. எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும், அதனால் மறுபடி எழுதவில்லை. கடைசியாக வந்த பதிலைப் பற்றித்தான் இந்த மடல். எங்களிடம் இருக்கும் ப்ளூ-ரே பிளேயர் மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, உதிரிபாகம் கிடையாது, வேண்டுமானால் உங்கள் சவுண்ட்பார் ஒன்றைப் பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

எங்களுக்கு சவுண்ட்பார் வேண்டாம் ஐயா. எங்கள் பிளேயருக்கு ஒரு லென்ஸ் யூனிட், அதாவது டிஸ்க்கைப் படிக்கிற லேசரும் லென்ஸும் சேர்ந்த உறுப்பு, வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை. விலை சொல்லுங்கள், கட்டுகிறோம்.

கும்பகோணத்தில் ஒரு வாசகசாலையின் மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு படம் போடுகிறோம். டிக்கெட் கிடையாது. உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 2016இல் உங்கள் பிளேயரை வாங்கினோம். அதுவரை டிவிடிதான். முதல் நாள் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ப்ளூ-ரேயில் போட்டபோது மாடியில் பேச்சுமூச்சு இல்லை. சுவரில் ஒட்டிய துணித்திரையில் ஒரு கிழவரின் முகச்சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. நம் நாட்டு டிவி முறையான PAL முறை டிவிடியில் 720க்கு 576 புள்ளிகள், ப்ளூ-ரேயில் 1920க்கு 1080. கணக்குப் போட்டால் சரியாக 5 மடங்கு. அப்புறம் வேகம். அந்த டிவிடிகளில் நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படத்தை 25ஆக ஓட்டுவார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரப் படத்தில் நாலு நிமிடம் காணாமல் போகும், பாடுகிறவர் குரல் கொஞ்சம் மேலே ஏறும். உங்கள் பிளேயரில்தான் பல படங்களை அவற்றின் சொந்த வேகத்தில் முதல்முறையாகக் கேட்டோம். ஏழு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது. நல்ல பொருள் செய்தீர்கள். அதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நல்ல பொருள் என்பதால்தான் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

எட்டாவது வருடம் தொல்லை ஆரம்பித்தது. முதலில் டிஸ்க்கைப் போட்டால் படிக்க நேரம் எடுத்தது. அப்புறம் இரட்டை அடுக்குள்ள 50 ஜிபி டிஸ்க்குகள் பாதியில் நின்றன. ஒரே அடுக்குள்ள 25 ஜிபி டிஸ்க்குகள் ஓடின. இரட்டை அடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படித்து முடித்து, அடுத்த அடுக்குக்குத் தாவும் இடத்தில்தான் சரியாக நிற்கும். டிஸ்க்கில் அழுக்கோ என்று மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துப் பார்த்தோம். கீறல் எதுவும் இல்லை. நண்பர் வீட்டில் வேறொரு பிளேயரில் போட்டால் அதே டிஸ்க் முழுதும் ஓடியது.

திருச்சியில் உங்கள் சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி, அங்கே கிடந்த ஒரு டிவிடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் ஓடுது" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க அவரிடம் ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கூட நீங்கள் கொடுத்து வைக்கவில்லை. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீலஊதா லேசர். ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ப்ளூ-ரேயில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் 0.32 மைக்ரான் இடைவெளி. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறக்குறைய இருநூறு தடம் அடங்கும். அந்த நுணுக்கத்தில் வேலை செய்கிற லேசர் கொஞ்சம் மங்கினாலும் தடுமாறும். தேய்வது இயற்கை, அதற்காக உங்கள்மேல் கோபம் இல்லை. தேய்கிற உறுப்பு என்று தெரிந்தும் மாற்று உறுப்பை வைத்துக்கொள்ளவில்லையே, அதற்குத்தான் கோபம்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜப்பானியப் படம். 2 மணி 5 நிமிடம் ஓடக்கூடியது. மாடியில் அறுபது பேருக்கு மேல். 1 மணி 21ஆவது நிமிடத்தில் படம் உறைந்தது. ஒரு பெண் கதவைத் திறக்கக் கை நீட்டுகிறாள், கை அப்படியே நிற்கிறது. ரிமோட்டை அழுத்தினால் பதில் இல்லை. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டோம். ஆறு முறை. ஒவ்வொரு முறையும் அதே கை, அதே கதவு.

நாச்சியார்கோவிலிலிருந்து ஒரு பெரியவர் வருவார். குத்துவிளக்குப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து, முதல் வரிசையில் ஓரமாக உட்காருவார். ஆங்கில சப்டைட்டில் அவருக்குப் படிக்க வராது. படத்துக்கு முன்னால் நான் தமிழில் சொல்கிற அறிமுகத்தை வைத்துக்கொண்டு முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவார். அன்றைக்கு எல்லோரும் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்த பிறகும் அவர் மட்டும் எழவில்லை. "கதவைத் தொறந்தாளா தம்பி?" என்று கேட்டார். மிச்சம் இருந்த 44 நிமிடத்தை நின்றுகொண்டு வாயாலேயே சொன்னேன். கிளம்பியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சொல்லி முடிக்கும்போது பெரியவருக்குப் பஸ் போய்விட்டது. எங்கள் பொருளாளர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். கதை அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கதை கேட்க வரவில்லை, முகங்களைப் பார்க்க வந்தவர். அதை என்னால் கொடுக்க முடியவில்லை. சவுண்ட்பார் கடிதம் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே பிளேயரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார், லென்ஸ் வீக் என்று. புது யூனிட் கிடைத்தால் அரை மணி நேர வேலையாம். அவர் கடையில் டிவிடி லென்ஸ் பெட்டி பெட்டியாக இருந்தது. உங்கள் மாடலுக்கு உரியது அந்தத் தெருவிலேயே இல்லை. ஒரு பழைய பிளேயரிலிருந்து கழற்றிய லென்ஸை 1,800 ரூபாய்க்கு மாட்டிக் கொடுத்தார், உத்தரவாதம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லித்தான். பத்தொன்பது நாள் ஓடியது. புது யூனிட் மாட்டினாலும் அதை பிளேயரோடு பொருத்திச் சீர்செய்ய ஒரு சர்வீஸ் மெனு இருக்கிறதாம், அதற்குள் போகும் வழி உங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும் என்றார். ஆகவே சர்வீஸ் மேனுவலையும் சேர்த்தே கேட்கிறேன்.

எங்கள் வீட்டு கிரைண்டருக்கு வயது இருபத்திரண்டு. பெல்ட் அறுந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. சீலிங் ஃபேனுக்கு கண்டன்சர், மிக்ஸிக்கு கப்ளர், எதற்கும் யாரும் மாடல் நிறுத்தியாயிற்று என்று சொல்வதில்லை. வீட்டிலேயே நுணுக்கமான கருவியை விற்ற நீங்கள்தான் கையை விரிக்கிறீர்கள். 2008 பிப்ரவரியில் தோஷிபா, ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடியைக் கைவிட்டபோது, இனி ப்ளூ-ரேதான், நம்பி வாங்குங்கள் என்று சொன்ன தொழில் இது. நம்பினோம், வாங்கினோம். இப்போது ஒவ்வொரு நிறுவனமாகக் கடையைக் கட்டுகிறது. கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. 2018 ஏப்ரலில், ப்ளூ-ரே பிளேயர் செய்துவந்த ஒப்போ டிஜிட்டல் நிறுவனம் புதிய பிளேயர் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. விற்ற பிளேயர்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் பழுதுபார்ப்போம், சாஃப்ட்வேரையும் கவனித்துக்கொள்வோம் என்று அதே அறிவிப்பில் சொன்னது. அது மரியாதையான விடைபெறுதல்.

சாஃப்ட்வேர் என்றதும் இன்னொன்று. புதிய டிஸ்க்குகளின் பூட்டைத் திறக்க பிளேயருக்கு அவ்வப்போது புதிய சாவி வேண்டும். நீங்கள் அப்டேட் நிறுத்திவிட்டால், லென்ஸ் புத்தம்புதிதாக இருந்தாலும் நாளை வரும் டிஸ்க் ஓடாமல் போகலாம். காசு கொடுத்து வாங்கிய கருவி, காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், இரண்டும் என் வீட்டில். ஆனால் ஓடுமா ஓடாதா என்பதை வேறெங்கோ இருப்பவர் முடிவு செய்கிறார். 2020 ஜூனில் சாம்சங் பிளேயர்கள் பல நாடுகளில் இணையம் வழியாக இறங்கிய ஒரு சின்னக் கோப்பால் தானாக அணைந்து அணைந்து மறுபடி ஆன் ஆனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முந்தின நாள் வரை நன்றாக ஓடியவை அவை. வாங்கியவர் என்ன தப்பு செய்தார்?

புதிது வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் ஊர்க் கடைகளில் ப்ளூ-ரே பிளேயர் என்று கேட்டால் ஸ்மார்ட் டிவியைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருக்கும் உறவினரிடம் சொல்லி வாங்கலாம் என்றால் அது ஏ மண்டலத்துக்கானது, இந்தியா சி மண்டலம்; ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. எங்களிடம் உள்ள நூற்றுநாற்பது டிஸ்க்கில் பல அதில் ஓடாது. ஓடிடி என்பீர்கள். நாங்கள் போடும் படங்களில் முக்கால்வாசி அங்கே இல்லை, இருந்ததும் ஒருநாள் சொல்லாமல் மறைகிறது. நொடிக்கு 40 மெகாபிட் வரை தகவல் போகிற டிஸ்க்கின் படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, மழை பெய்தால் மூச்சுத்திணறும் இணையத்தில் எதைக் காட்டுவது?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு டிவி மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் பிளேயரைப் பற்றியது இல்லை, எங்கள் நாட்டுக்கும் இல்லை. ஆனால் செய்ய முடியும் என்பதற்கு அது போதும். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளமே திறந்தது. நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கவும் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் உங்களிடமே ஒருமுறை நேராகக் கேட்டுவிடுவோம் என்றுதான் இந்த மடல்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். இந்த மாடலுக்கான லென்ஸ் யூனிட் உங்கள் கிடங்கில் எங்கேயாவது இருந்தால் விலைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் அதைச் செய்து கொடுத்தவர் யார், உறுப்பின் எண் என்ன என்று சொல்லுங்கள், நாங்களே தேடிக்கொள்கிறோம். சர்வீஸ் மேனுவலை மெக்கானிக்குகள் பார்க்கும்படி வெளியிடுங்கள். எங்களுக்கு மட்டும் இல்லை, இந்த மாடலை வாங்கிய எல்லோருக்கும்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை 6 மணிக்கு அதே ஜப்பானியப் படத்தை மறுபடி போடுவதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதில் வந்துசேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திரையிடல் குழுச் செயலாளர்,
கும்பகோணம்.