கல் கிடைக்கிறது, கொட்டகை கிடைக்கவில்லை: மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாநகர முதல்வருக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய சிற்பி. கருங்கல்லோடு மல்லுக்கட்டிப் பழகியவனுக்கு இந்த மண்ணின் சுண்ணக்கல் புதிது. கருங்கல் உளியைத் திருப்பியடிக்கும். இது இடங்கொடுக்கும், ஆனால் நினைத்த இடத்தில் நிற்காமல் பொருபொருவென்று உதிரும். கிணறு வெட்டும் வளவுகளில் கொட்டிக் கிடக்கும் கற்களைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருகிறார்கள். ஏற்றி வரும் லாண்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திரத்தின் கூலி மட்டும்தான் செலவு. அண்மையில் ஒரு மூதாட்டியின் முகத்தைச் செதுக்கும்போது, கன்னத்தில் உளி ஒரு சிப்பியில் முட்டியது. குடாநாடு ஒரு காலத்தில் கடலடியில் கிடந்ததற்கான சான்று! அகற்ற மனம் வரவில்லை. மலையகத்திலேயே இருந்திருந்தால் அப்படியொரு முகம் என் கைக்கு வந்திராது. நான் செய்தவற்றில் உருப்படியானவை எல்லாம் இங்கு வந்தபின் செய்தவைதான்.

ஆனால் கல் வெட்டும் கிரைண்டர் போட்டால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். தூசி அயல்வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் படியும். வீட்டுக்காரர் வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பாதி செதுக்கிய கல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைய முடியுமா?

பாரிஸில் அல்பிரெட் பூஷே என்ற சிற்பி, 1900 உலகக் கண்காட்சியில் வைன் மண்டபமாக நின்ற கட்டடத்தை வாங்கி, 1902இல் சிறுசிறு பட்டறைகளாக்கிக் குறைந்த வாடகைக்கு விட்டார். ‘லா ரூஷ்’ என்று பெயர். காசில்லாமல் அந்நகரில் வந்திறங்கிய ஓவியர்கள் ஷகால், சூட்டின், சிற்பி சட்கின் எல்லோரும் அங்கே வேலை செய்தவர்கள். பூஷே செய்த சிலைகளை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கொடுத்த இடத்தை உலகம் அறியும்.

நம் ஊரில் பொன்னாடைக்குக் குறைவில்லை. எனக்கும் ஒன்று கிடைத்தது. முடியாத சிலையைத் தூசிபடாமல் மூட உதவுகிறது. சபையிடம் கேட்பது, குடிமனைகளுக்குத் தள்ளிப் பாவனையின்றிக் கிடக்கும் களஞ்சியம் ஏதாவது இருந்தால் அதை என்னைப் போன்ற சிற்பிகளுக்கு விடுங்கள் என்றுதான். கூரை, தண்ணீர், கிரைண்டர் தாங்கும் மின்சாரம், வாசலில் லொறி நிற்க இடம் இருந்தால் போதும். யாழ். பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகத்தில் காண்பியக்கலை படித்து வெளிவரும் பிள்ளைகளும் அங்கே வரலாம். பட்டம் பெற்றபின் கல்லை எங்கே வைத்துச் செதுக்குவது என்று தெரியாமல்தானே ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள்?

இலவசமாக வேண்டாம், மாதாமாதம் வாடகை கட்டுகிறோம். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை சத்தம் போடலாம் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிற்பி,
அரியாலை