எங்கம்மாவைக் கட்டிலோட சுமந்தவங்களுக்கு

தூத்துக்குடி ஜில்லா ஏரல்ல வெள்ளம் வந்து வருஷம் ஓடிட்டு. இந்த லெட்டரை அன்னைக்கே எழுதியிருக்கணும், எழுத உக்காந்தாலே அந்தத் தண்ணி சத்தம்தான் காதுல கேக்கும், அப்படியே தள்ளிப் போயிட்டு. இப்போ அம்மாதான் விடமாட்டேங்குறாங்க. பக்கவாதம் வந்ததுல இருந்து வலது பக்கம் வராது, பேச்சும் ஒரு நாளைக்கு நாலஞ்சு வார்த்தைதான், அந்தக் கொஞ்சத்துலயும் "நன்றி சொன்னியா"ன்னு கேக்குறாங்க. அதான் எல்லாருக்கும் பொதுவா எழுதுறேன், பேர் போடல, உங்களுக்கே தெரியும்.

2023 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்துல மூணாவது ஞாயிறு. காலையில கோயிலுக்குப் போகும்போதே நல்ல மழை, சாயங்காலம் வீடு வீடா பாட்டுப் பாடப் போற கேரல் ரவுண்ட்ஸ் கேன்சல்னு சொன்னப்போ கூட நான் பெருசா நெனைக்கல. காயல்பட்டினத்துல அந்த ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சிருக்குன்னு அப்புறம்தான் தெரியும், எங்க ஜில்லாவுல ஒரு வருஷம் பூரா பெய்யுறதை விட அதிகம். ராத்திரியே கரண்ட் போயிட்டு, போன்ல சிக்னலும் இல்ல. திங்கக்கிழமை ஆத்துத் தண்ணியும் உடைஞ்ச குளத்துத் தண்ணியும் சேர்ந்து வந்தப்போ எங்க ஓட்டு வீட்டுல அம்மா கட்டிலோட கால் முங்கிட்டு. நான் ஒருத்தி. அம்மாவைத் தூக்கிப் பாக்குறேன், இடுப்பு கூட அசையல.

அப்பவும் நான் யாரையும் கூப்பிடல, அதை உண்மையா சொல்லணும். எனக்குச் சின்ன வயசுல இருந்து மனசுல நின்ன வசனம் பைபிள்ல கலாத்தியர் 6:5, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே". அப்பா போனப்பவும் அம்மா படுத்தப்பவும் அதை வச்சுத்தான் ஓடுனேன். யார்கிட்டயும் பத்து ரூபா கேட்டதில்ல, யாரையும் ஒரு நாள் அம்மாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னதில்ல, அதைத்தான் விசுவாசம்னு நெனச்சேன்.

கூப்பிடாமலே வந்தீங்க. எதிர்வீட்டு அண்ணாச்சி, பாய் கடை பையன், ஆட்டோ ஓட்டுற தம்பி, அப்புறம் கட்டட வேலைக்கு வந்திருந்த வடக்கத்திப் பையன், அவனுக்குத் தமிழே தெரியாது, "அம்மா அம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டே வந்தான். அம்மாவை எறக்கி வேற எதுலயும் வைக்க நேரமில்லன்னு அப்படியே நார்க்கட்டிலோட சேலையால சுத்திக் கட்டி, நெஞ்சளவு தண்ணியில தெருவைக் கடந்து, அண்ணாச்சி வீட்டு வெளிப்படி வழியா மொட்டை மாடிக்கு ஏத்துனீங்க. அந்தப் படி ஒரு ஆள் போற அகலம்தான். திருப்பத்துல கட்டில் திரும்பல, பாய் கடை பையன் கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பக்கம் கால வச்சு, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு தோள்ல கட்டில் காலைத் தாங்குனான். அவன் தோள்ல அந்தக் கட்டை பதிஞ்ச தடம் மறுநாளும் நீலமா கெடந்துது. அம்மா மேல ஒரு சொட்டு ஆத்துத் தண்ணி படல.

மேல போய் கட்டிலை வச்சதும்தான் எனக்கு பைபிள்ல மாற்கு 2ம் அதிகாரம் ஞாபகம் வந்துது. அந்த அதிகாரத்தை நான் ரொம்ப நாளா தொடவே இல்ல. ஏன்னா அதுல வர்றவனும் திமிர்வாதக்காரன், அம்மா மாதிரி பக்கவாதம் வந்தவன்தான், அவன் எந்திச்சு படுக்கையை எடுத்துட்டு நடந்தான், எங்கம்மா நடக்கல. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருத்தர் "உங்க வீட்டுல விசுவாசம் பத்தல"ன்னு அம்மா காதுபடவே சொல்லிட்டுப் போனாரு, அன்னைல இருந்து அந்தப் பக்கத்தைத் திருப்பவே மனசு வராது. ஆனா அந்த மாடியில மழையில நனைஞ்சுட்டு நிக்கும்போது ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்துது: "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு". அவன் விசுவாசம்னு இல்ல, அவர்கள் விசுவாசம். படுத்துக் கெடந்தவன் வாயைத் திறந்து எதுவும் கேட்டதா அங்க எழுதியே இல்ல. கப்பர்நகூம்ல அவனைத் தூக்கிட்டு வந்த நாலு பேரு மேற்கூரையைப் பிரிச்சு அவனை இயேசு முன்னால எறக்குனாங்க, நீங்க மேல ஏத்துனீங்க, அவ்ளோதான் வித்தியாசம். எங்க வீட்டுல பத்தாத விசுவாசத்துக்கு உங்க தோள் இருந்துச்சு, அந்த ஜெபிக்க வந்தவர் மேல இருந்த கோபமும் அன்னைக்குத்தான் கொஞ்சம் எறங்குச்சு.

அண்ணாச்சி சம்சாரம், எங்க மைனிக்குத் தனியா சொல்லணும். மாடியில இருந்த ஒரு ரூம்ல எங்கள சேத்து 23 பேரு, ரெண்டு நாளு. இருந்த ஒரு சிலிண்டர்ல கஞ்சி வச்சு, மொதல்ல அம்மாவுக்கு ஸ்பூன்ல ஊட்டிட்டுத்தான் தன் பிள்ளைங்களுக்கே குடுத்தாங்க. அவங்க அம்மன் கோயிலுக்குப் போறவங்க. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ட்ரெயின் மாட்டி சுமார் 800 பேர் தவிச்சப்போ பக்கத்துல இருந்த புதுக்குடி ஜனங்களும் இப்படித்தான் தங்களுக்கு வச்சிருந்த அரிசியை எடுத்துப் பொங்கிப் போட்டாங்க. வழியில அடிபட்டுக் கெடந்தவனைத் தூக்கிட்டுப் போய்ப் பாத்துக்கிட்ட நல்ல சமாரியன் கதையை நான் சண்டே ஸ்கூல்ல, அதான் ஓய்வுநாள் பள்ளியில, பத்து வருஷம் சொல்லிக் குடுத்திருக்கேன், எப்பவும் நான்தான் சமாரியன்ங்கிற நெனப்புலதான் சொல்லியிருக்கேன். வழியில கெடந்தவன் எடத்துல இருந்து அந்தக் கதையைப் பாத்தது அந்த ரெண்டு நாள்தான்.

தண்ணி வடிஞ்சப்புறம் முட்டளவு சகதி. எங்க சபை பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருந்து வந்தீங்களே, உங்க வீட்டுலயும் சகதி கெடந்துதுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். ஐயரம்மா, அதான் எங்க சபைப் போதகரோட மனைவி, தரையில குத்த வச்சு உக்காந்து, தேங்கா சிரட்டையால மூலை மூலையா வழிச்சு எடுத்தாங்க, அப்புறம் அதே கையைக் கழுவிட்டு வந்து அம்மா காலை வெந்நீர்ல கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைச்சாங்க. கர்த்தர் சீஷர் காலைக் கழுவுனதை யோவான் 13ல எத்தனை தடவ வாசிச்சிருப்பேன். அம்மா அழுதாங்க, கூச்சத்துல காலை இழுக்கப் பாத்தாங்க, அன்னைக்கு என் காலைக் கழுவ வேண்டாம்னு சொன்ன பேதுரு மாதிரியே.

நிவாரணப் பொருள் கொண்டு வந்தவங்களுக்கு. டிசம்பர் மொத வாரம் மிக்ஜாம் புயல்ல சென்னை முங்குனப்போ எங்க சபையிலயும் துணி சேத்தோம், நானும் குடுத்தேன். என்ன குடுத்தேன் தெரியுமா, கரை கிழிஞ்ச ரெண்டு சேலை, பட்டன் இல்லாத ஒரு சட்டை. ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு ஒரு கவர் வந்துது, உள்ள புது நைட்டி, விலைச் சீட்டு கூடப் பிரிக்கல, அது கூட உள்பாவாடை, நாப்கின், சோப்பு. யாரோ ஒரு பொம்பள யோசிச்சு யோசிச்சு எடுத்து வச்சது. "மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்" மனப்பாடமா தெரியும் எனக்கு, மத்தேயு 7:12ன்னு நம்பரோட தெரியும், அந்த நைட்டியைக் கையில பிடிச்சப்போதான் அந்தக் கிழிஞ்ச கரை ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுது. அந்த அக்கா யாருன்னு தெரியாது. இப்போ எங்க போனாலும் குடுக்கணும்னா புதுசுதான் வாங்குறேன், ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் சரி.

அம்மாவோட பழைய பைபிள் நனைஞ்சு கட்டியாயிட்டு. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்க ரெண்டு பேரு நாலு நாளா மாடியில வெயில்ல வச்சு, பவுடர் தூவி, ஐஸ்க்ரீம் குச்சியால பக்கம் பக்கமா பிரிச்சுக் குடுத்தீங்க. எசேக்கியேல் கொஞ்சம் கிழிஞ்சிட்டு, பரவால்ல கண்ணுங்களா. அம்மா தினமும் அதைத்தான் மடியில வச்சிருக்காங்க.

பெறகு ஒரு நாள் போதகர் ஐயர் எங்க வீட்டுக்கு வந்தப்போ அந்த கலாத்தியர் வசனத்தைப் பத்திக் கேட்டேன். அதே 6வது அதிகாரத்துல ரெண்டாவது வசனம் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து"ன்னு இருக்கே, அஞ்சாவது வசனம் வேற மாதிரி இருக்கேன்னு. தமிழ்ல ரெண்டுக்கும் பாரம்னுதான் இருக்கு, ஆனா கிரேக்குல வேற வேற வார்த்தை, ஒண்ணு ஒருத்தனை அமுக்கிற பெரிய பாரம், இன்னொண்ணு அவனவன் தூக்கிப் போற சொமைன்னு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. ஐயா, ரொம்ப நன்றி. இப்போ செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மைனி வந்து அம்மாகூட உக்காந்துக்கிறாங்க, நான் அந்த நேரத்துல இதே மாதிரி படுத்துக் கெடக்குற இன்னொரு பாட்டி வீட்டுக்குப் போயிட்டு வரேன். மைனியைக் கூப்பிட்டுக் கேட்டது நான்தான், வாழ்க்கையில மொத தடவ.

வடக்கத்தித் தம்பி வேலை முடிஞ்சு ஊருக்குப் போயிட்டானாம். அவன் கூட வேலை பாத்தவங்க யாராவது இதை வாசிச்சா அவனுக்கு அவன் பாஷையில சொல்லிருங்க, அம்மா நல்லா இருக்காங்க, அந்தக் கட்டில்லதான் இன்னும் படுக்குறாங்கன்னு.

வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வரணும், சோறும் பருப்பும்தான், வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. அன்னைக்கு மாடியில யாரோ அம்மா தலைமாட்டுல வச்சுட்டுப் போன நீலக் கலர் டார்ச் ஒண்ணு இன்னும் எங்ககிட்டதான் இருக்கு. புது பேட்டரி போட்டு வச்சிருக்கேன். யாருதுன்னு வந்து சொல்லி வாங்கிக்கோங்க.