ஸ்பீக்கருக்காகப் பழைய காரின் தகரத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களின் அணிவகுப்பு எங்கே நடந்தாலும் உங்கள் நாளிதழில் படம் வருகிறது. அம்பாசிடரும் பியட்டும் ஹெரால்டும் பாலிஷ் போட்டு வரிசையாக நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கார்களில் பலவற்றின் கதவு உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்தகரத்தில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும், பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பார்சல் ட்ரேயில் முட்டை வடிவத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் ஸ்பீக்கருக்காக வெட்டியவை. பெயின்ட் பற்றியும் குரோமியம் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய காரில் பாட்டு கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னிடம் இருக்கும் பியட்டில் பாட்டு ஓடாமல் நான் வண்டி எடுப்பதே இல்லை. காருக்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தேடிப் போடுங்கள், ஸ்பீக்கருக்கு ஏற்றபடி காரை வெட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அம்பாசிடர் தயாரிப்பு மேற்கு வங்காளத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. பியட்டே பின்னாளில் பெயர் மாறி வந்த பத்மினி அதற்கும் பல வருடம் முன்பே போய்விட்டது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இனி ஒரு கதவு புதிதாக வரப்போவதில்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஒரு பழைய கதவைப் பிடித்தாலும் அதிலும் யாராவது ஏற்கெனவே ஓட்டை போட்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், அம்பாசிடருக்கும் பியட் 1100-க்கும் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூண்டு போல இருக்கும் உடல் தகரம்தான் எல்லா பாரத்தையும் தாங்குகிறது. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரமும் பார்சல் ட்ரேயும் அந்தக் கூண்டின் பகுதிகள், சாமான் வைக்கிற தட்டு மட்டும் இல்லை. அதில் ஆறுக்கு ஒன்பது அங்குல ஓட்டை இரண்டு போட்டால் வண்டி நாளைக்கே இரண்டாக உடைந்துவிடாது, உண்மைதான். ஆனால் வெட்டிய விளிம்பில் பெயின்ட் இருக்காது, பின்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் வழியாக மழை நீர் கசியும், துரு அங்கிருந்து தொடங்கும். கடற்கரை ஊர்களில் இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று டிங்கர் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் சித்தப்பா தன்னுடைய பியட்டை ஒரு ஆடியோ கடையில் விட்டார். "சின்ன ஓட்டைதான் சார், வெளியே தெரியாது" என்று சொல்லிவிட்டு நான்கு கதவையும் கட்டிங் மெஷினால் வெட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் போய் எடுத்தால் முன்கதவுக் கண்ணாடி முக்கால் வாசிக்கு மேல் இறங்கவில்லை, ஸ்பீக்கரின் மேக்னட்டில் இடித்துக்கொண்டு நிற்கிறது. கேட்டதற்கு, ஏசி போட்டுக்கொண்டால் கண்ணாடியை இறக்க வேண்டியதே இல்லையே என்று பதில். நாற்பது வருடம் துரும்பு படாமல் வைத்திருந்த வண்டி அது. அவர் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார், எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

கடைக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. இன்றைய கார்களில் ஸ்பீக்கருக்கான இடம் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது, அங்கே நான்கு ஸ்க்ரூ போட்டால் வேலை முடிந்தது. பழைய காரில் அப்படி இல்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. சாதாரணமாகக் கிடைக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரின் ஆழம் இரண்டு முதல் இரண்டரை அங்குலம் வரை இருக்கும். வாங்குவதற்கு முன்னால் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, உள்தகரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று ஒரு ஸ்கேலை விட்டு அளந்தாலே போதும், பாதி கார்கள் பிழைத்துவிடும். ஆழம் குறைந்த ஸ்பீக்கர்களும் கிடைக்கின்றன. அப்படியே கதவில் இடம் இருந்தாலும் மழையில் கண்ணாடியை ஒட்டி வழியும் தண்ணீர் கதவுக்குள்தான் இறங்கி அடியில் இருக்கும் துளை வழியாக வெளியே போகிறது, அந்த வழியில் காகிதக் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) வைத்த ஸ்பீக்கரை மாட்டினால் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

சரி, வெட்டாமல் எங்கே வைப்பது? நான் பார்த்தவரை மிக நல்ல இடம் முன்பக்கம் கால் வைக்கிற இடத்தின் ஓரம், அதாவது டேஷ்போர்டுக்குக் கீழே கதவுக் கீலுக்கு முன்னால் இருக்கும் பக்கச் சுவர். அந்த வளைவுக்குத் தகுந்தபடி பிளைவுட்டில் ஒரு சின்னப் பெட்டி செய்து, காரின் ரெக்ஸின் நிறத்திலேயே ரெக்ஸின் ஒட்டி, ஏற்கெனவே அங்கே இருக்கும் ஸ்க்ரூ துளைகளிலேயே பிடித்துவிடலாம். நான்கு அல்லது ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் தாராளமாக உட்காரும். பெட்டி என்பது அழகுக்காக மட்டும் இல்லை. ஸ்பீக்கரின் முன்னால் வரும் ஒலியும் பின்னால் வரும் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை, இரண்டும் காற்றில் கலந்தால் தாழ்ந்த சுருதி எல்லாம் அடிபட்டுப் போகும். மூடிய பெட்டி அதைத் தடுக்கிறது. பின்னால் வேண்டுமென்றால் பார்சல் ட்ரேயின் மேல் அதே அளவில் ஒரு பிளைவுட் பலகையை வைத்து அதில் பெட்டியோடு பொருத்துங்கள், தகரத்தில் கை வைக்க வேண்டாம். பலகை நகராதபடி இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும், பிரேக் அடிக்கும்போது கனமான மேக்னட் தலைக்கு மேல் பறந்து வரக் கூடாது.

டேஷ்போர்டில் பழைய ஒற்றை ஸ்பீக்கர் இருந்த இடம் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே கோனில் இரண்டு வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச் சுருள், சுற்றிய ஸ்பீக்கர் என்று ஒன்று உண்டு, இடது பக்க ஒயரை ஒரு காயிலுக்கும் வலது பக்க ஒயரை இன்னொரு காயிலுக்கும் கொடுத்தால் ஸ்டீரியோவின் இரண்டு பக்கமும் அந்த ஒரு ஸ்பீக்கரிலேயே கேட்கும். இதைத் தெரியாமல் இடது வலது ஒயர்களை ஒன்றாக முறுக்கிச் சாதாரண ஸ்பீக்கருக்குக் கொடுத்து கார் ஸ்டீரியோ செட்டை எரித்தவர்கள் நிறையப் பேர்.

பழைய ஸ்பீக்கரே இன்னும் மாட்டியிருக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள், அதுதான் அந்தக் காருக்கு என்றே வந்தது. மல்டிமீட்டரில் நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு மூன்றிலிருந்து நான்கு ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கோன் கிழிந்திருந்தாலும் விளிம்பு பொடிந்திருந்தாலும் மாற்றிவிடலாம். நம் ஊர்களில் மைக்செட் வைத்திருப்பவர்களின் ஸ்பீக்கர்களுக்குக் கோன் ஒட்டுகிற, காயில் சுற்றுகிற கைகள் இன்னும் இருக்கின்றன. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ராத்திரி பகலாக ஓடிய ஸ்பீக்கர்களைச் சரிசெய்து பழகியவர்களுக்கு காரின் ஐந்து அங்குல ஸ்பீக்கர் ஒரு வேலையே இல்லை. அப்படிச் சரிசெய்து மாட்டிய ஸ்பீக்கரில் நாதஸ்வரமோ பழைய சினிமாப் பாட்டோ கேட்டவர்களுக்குத்தான் தெரியும், குரல் எவ்வளவு தெளிவாக முன்னால் வந்து நிற்கிறது என்று.

இனி மின்சார விஷயம். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ வைத்த காரில், அது லூக்காஸ் சி40 வகை என்றால், அது அதிகபட்சம் கொடுப்பதே 22 ஆம்பியர், அதுவும் என்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது. சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது, எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும். ராத்திரி மழையில் ஹெட்லைட், பின்விளக்கு, வைப்பர், இக்னிஷன் காயில் எல்லாம் சேர்ந்து பதினைந்து ஆம்பியரைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் இருப்பதில் பெரிய ஆம்ப்ளிஃபையரையும் வூஃபரையும் ஓட்ட நினைத்தால் வழியில் தள்ள வேண்டியதுதான்.

அதனால் வாட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கு பெரும்பாலும் விளம்பரம். செட்டின் மேல் 50 வாட் என்று அச்சடித்திருந்தாலும் தொடர்ந்து கொடுப்பது ஒரு பக்கத்துக்கு 20 வாட் அளவுதான். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் வரும் சத்தம், எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். மூன்று டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 86 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் கொடுக்கும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே கொடுத்துவிடும். பழைய காருக்கு இந்த ஒரு எண்தான் முக்கியம்.

அடுத்தது எர்த். பழைய ரேடியோ வைத்த பல கார்களில் ஸ்பீக்கரின் ஒரு முனை நேராக பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய செட்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் மின்னழுத்தம் உண்டு, அதில் ஒன்று பாடியைத் தொட்டாலும் செட்டுக்குள் இருக்கும் ஐசி சிப் போய்விடும். ஆகவே பழைய ஸ்பீக்கர் ஒயரை அப்படியே புது செட்டில் இணைக்காமல் இரண்டு ஒயரையும் செட்டிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் புதிதாக இழுக்க வேண்டும். ஐம்பது அறுபதுகளின் பிரிட்டிஷ் கார் என்றால் இன்னொரு சோதனையும் அவசியம், பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறதா என்று. அப்படி இருந்தால் புது செட்டை மாட்டிய நிமிடமே புகைதான். மைனஸ் எர்த்துக்கு மாற்ற முடியும், ஆனால் டைனமோவுக்குத் துருவம் மாற்றிக் கொடுக்க வேண்டும், இக்னிஷன் காயிலின் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும், இதெல்லாம் தெரிந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள். செட்டுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயர் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். பழைய ஒயரிங்கில் துணி உறையும் ரப்பரும் பொடிந்திருக்கும், அதில் கூடுதல் சுமை ஏற்றினால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

எல்லாம் மாட்டிய பிறகு பாட்டில் தாழ்ந்த சுருதியே கேட்கவில்லை என்றால் ஒரு ஸ்பீக்கரின் ஒயர் திருப்பி மாட்டியிருக்கும். ஒயரைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு ஒரு சாதாரண டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், செல்லின் பிளஸ் பட்ட முனை ஸ்பீக்கரின் பிளஸ் என்றால் கோன் வெளியே தள்ளும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே திசையில் தள்ள வேண்டும். பழைய ரேடியோவையே வைத்துக்கொண்டு 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி கேட்கும்போது என்ஜின் வேகத்துக்கு ஏற்ப டப் டப் என்று சத்தம் வந்தால் குறை ஸ்பீக்கரில் இல்லை, பிளக் ஒயரிலும் டைனமோவிலும் சப்ரஸர், அதாவது ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவி, இல்லை என்று பொருள்.

ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது, எண் பலகையில் விஏ என்று வரும். சேசிஸ், பாடி ஷெல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. ஸ்பீக்கர் ஓட்டை பெரிய மாற்றமா என்று ஒருவர் வாதாடலாம்தான். ஆனால் நான்கு கதவும் பார்சல் ட்ரேயும் வெட்டுப்பட்ட வண்டியை ஒரிஜினல் என்று சொல்லி நிறுத்த எனக்கு மனம் வராது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழைய கார்களைப் பற்றிப் பக்கம் ஒதுக்கும்போது, வெளியே பளபளப்பதை மட்டும் படம் எடுக்காமல், தகரத்தில் கை வைக்காமல் ஒலி அமைத்திருக்கும் ஒரு காரின் உட்புறத்தையும் எடுத்துப் போடுங்கள், அந்தப் பெட்டியைச் செய்த தச்சரையும் கோன் ஒட்டிக் கொடுத்தவரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஆடியோ கடை வைத்திருப்பவர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். பழைய கார் வந்தால் கட்டிங் மெஷினை எடுப்பதற்கு முன் எங்கே வெட்டப்போகிறோம் என்று சாக்பீஸால் கோடு போட்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டட்டும், அவர் சம்மதம் சொன்ன பிறகு தொடட்டும்.

இப்படிக்கு,
பியட் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
திருச்சி