பன்னாடை

உச்சிப்புளி,
வைகாசி 12.

அன்புள்ள பங்காளிக்கு,

நலம். அங்கே வீட்டில் எல்லோரும் சுகம்தானே? போன வாரம் போனில், "இன்னும் கல்யாணம் காதுகுத்து போட்டோதான் எடுத்துக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாய். அதற்கு ரெண்டு வார்த்தையில் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்யாணம் இருக்கிறது, சோறே அதில்தான். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் பாலம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தனுஷ்கோடி தேவாலயம். 1964 டிசம்பர் புயலில் ஊரே போன இடம் அது. அந்த இடிந்த சுவரில் ஒரு பெண்ணைச் சாய்ந்து நிற்கச் சொல்லி, "லேசா சிரிம்மா" என்று சொல்லும்போது எனக்கு வாய் கூசுகிறது.

அங்கே எனக்கென்று ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். கட்டடம் பவளக்கல்லில் கட்டியது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கல்லில் மூளை மடிப்பு மாதிரி நெளிவு, பக்கத்துக் கல்லில் நெருக்கமாகக் குழிகள். ஒரு சாண் அகலத்துக்கு அதை மட்டும் எடுத்தேன். வீட்டில் காட்டினால், "என்ன, பழைய இட்லித் துணியா?" என்றார்கள். சரி, அதுவும் ஒரு பார்வை.

அப்புறம்தான் பன்னாடை வந்து மாட்டியது, பனை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அந்த நார். சிரிக்காதே. தமிழய்யா உன்னைப் பார்த்து வாரம் தவறாமல் சொல்வாரே, அதேதான். நன்னூலில் கடைசித் தர மாணவனுக்கு நெய்யரி, அதாவது நெய் வடிக்கிற பன்னாடை என்று உவமை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. அன்றைக்கு உனக்குக் கிடைத்த பட்டம் அவ்வளவு பழையது.

பெரியபட்டினம் போகிற வழியில் பதநீர் குடிக்க நின்றேன். பனையேறி கலயத்திலிருந்து பன்னாடை வழியாகத்தான் வடித்து ஊற்றினார். செத்த ஈயும் சுண்ணாம்புக் கசடும் மேலே தங்கிவிட்டன. அவர் அதை உதறி வெயிலில் தூக்கிப் பிடித்தார் பார், அந்த ஒரு நொடி! பழுப்பு நாருக்குள் வெளிச்சம் பூந்து வந்தது. காய்ந்தது ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். என்னை ஒருமாதிரிதான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் மல்லுக்கட்டினேன். அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்பவர் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். சுற்றிலும் வெளிச்சம் தெறித்து அது முறுக்கேறிய உடம்பு மாதிரி ஆகிவிட்டது. நானும் எண்ணெய்ப் புனலைத் தேடி எடுத்தேன். உதவவில்லை. மிளகாய்க்கு உடம்பு இருக்கிறது, பன்னாடை தட்டை. அதற்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். பனையேறி கையைத் தூக்கியபோதே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

கடைசியில் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினேன். காலை ஏழு மணி, ட்ரைபாட், லென்ஸ் திறப்பு எஃப் 11, கை படாமல் டைமர். முதலில் கலரில் பார்த்தேன், வெறும் காய்ந்த நார். கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் நடுவில் அடர்ந்து ஓரத்துக்குப் போகப் போகப் பிரிகிற கோடுகள் மட்டும் நின்றன. மழை சாய்ந்து பெய்கிற மாதிரி இருந்தது. ஒரு மூலையில் ஈயின் சிறகு ஒன்று ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

ஜெர்மனியில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்று ஒரு வாத்தியார் இருந்தார். மாணவர்களுக்கு வடிவம் காட்ட, தானே செய்த கேமராவில் தளிரையும் விதையையும் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். அவருடைய பூசணிக்கொடிச் சுருளைப் பார்த்தால் ஜன்னல் கம்பி வேலைக்கு வரைந்து கொடுத்தது போல இருக்கும். நம் அய்யாவும் திட்டுவதற்குப் பதில் ஒரு நாள் பன்னாடையைக் கையில் எடுத்துக் காட்டியிருக்கலாம்.

இதிலிருந்து கண் கெட்டுவிட்டது. ராமநாதபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மழையில் ஊறி உரிந்த போஸ்டருக்கு அடியில் பழைய போஸ்டரின் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அதை எடுத்துக்கொண்டிருந்தால் ஒருத்தர், "தம்பி, எந்தக் கட்சி?" என்கிறார். பஸ்ஸையும் விட்டேன்.

மற்றபடி, கடற்காற்றில், கிட்டப் போய் எடுக்கிற மேக்ரோ லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. சர்வீஸுக்குக் கொடுத்தால் லென்ஸ் விலையில் பாதி கேட்கிறார்கள். இப்போது அரிசி டப்பா மாதிரி ஒன்றில் ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்கிறேன்.

உன்னிடம் ஒரு சந்தேகம். இந்த நார் பார்வைக்கு நெய்த மாதிரி இருக்கிறது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாவும் ஊடும் போல மாறி மாறி ஏறி இறங்குவதாகத் தெரியவில்லை, ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கிறது. திருப்பூரில் முப்பது வருஷம் துணியோடு கிடக்கிறவன் நீ, பார்த்துச் சொல். துணியில் நூல் எண்ணுகிற அந்தச் சின்ன மடக்கு லென்ஸ் உபரியாக ஒன்று இருந்தால் வரும்போது எடுத்து வா.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மடங்காமல் இருக்க அட்டை கொடுத்திருக்கிறேன். இது என்ன படம் என்று உன் பிள்ளைகள் கேட்டால், பெயரை மட்டும் சொல். உனக்கு ஏன் அனுப்பினேன் என்பதைச் சொல்லாதே.

உன்,
பங்காளி